காசு சொல்வதும் பானை சொல்வதும்

"அண்ணாச்சி, ரோமாபுரிக்காரங்க நம்ம பக்கம் வந்து குடியிருந்தாங்களா, இல்ல யாவாரம் பண்ணிட்டுப் போயிட்டாங்களா? காசு கெடச்சிருக்குன்னு எல்லாரும் சொல்லுதாங்களே?"

வீரகேரளம்புதூர் டீக்கடையில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டது இது. கேள்வி ஒரு வரிதான். பதிலுக்கு ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லிக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் காசு. கடையநல்லூரில் ஒரு வீட்டைத் திறந்து பார்த்தால் துபாய்க் கம்பளி இருக்கும், அத்தர் புட்டி இருக்கும், திர்ஹம் நோட்டு ஒன்றிரண்டு பீரோவில் கிடக்கும். அதை வைத்து அந்த வீட்டில் அரபிக்காரர் குடியிருந்தார் என்று யாரும் சொல்லமாட்டோம். ரோமானியக் காசும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. அதை வைத்திருந்தவருக்கு முகம் முக்கியமில்லை, பொன்னின் எடைதான் முக்கியம் என்று தோன்றுகிறது. இவ்வளவு பொன் வந்து சேர்ந்தது என்று அந்தப் புதையல் சொல்கிறது. யார் எங்கே குடியிருந்தார் என்று அதனிடம் கேட்கமுடியாது.

குடியிருந்தவரைத் தேடுகிறவர்கள் அடுப்படிக்குத்தான் போகவேண்டும். பானை, அம்மி, எரிந்த தானியம், எறிந்த எலும்பு: மனிதர் அன்றாடம் புழங்கி, உடைந்ததும் குப்பையில் போட்ட பொருள்களுக்குத்தான் அந்த விவரம் தெரியும்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெசோ நகரத்துச் சிவப்புப் பாண்டங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அந்தப் பாண்டம் எந்தப் பத்தாண்டுகளில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும். ஆகவே அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் வயது சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது அப்போதுதான். வீலர் அந்த இடத்தை இந்திய-ரோமானிய வணிகத் தலம் என்றார். கேட்டவர்கள் அதை ரோமானியர் அமைத்த ஊர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு சிக்கல். உட்பக்கத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் மெல்லிய கறுப்புச் சாம்பல் நிறத் தட்டு ஒன்று அங்கே ஏராளமாகக் கிடைத்தது. ரௌலட்டட் பாண்டம் என்பார்கள். அதையும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததாகவே நெடுநாள் நினைத்தார்கள். பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி அதன் வடிவத்தையும் செய்முறையையும் ஆராய்ந்து, அது இந்தியக் குயவர் வேலை என்றார். 1990களில் புனே டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே களிமண்ணின் கனிமங்களைச் சோதித்து, வங்கத்துக் கங்கைச் சமவெளி மண்ணோடு அது ஒத்துப்போவதைக் காட்டினார். பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மறுபடியும் தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது உறுதியாயிற்று. ஊர் நம்முடையது. கப்பல் பிறகு வந்தது.

அப்படியானால் ரோமர் யாருமே தங்கவில்லையா? இங்கேதான் சாடி பேசுகிறது. ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியும் கூரான அடியும் கொண்ட, கப்பலில் அடுக்கத் தோதான மண் சாடி. அரிக்கமேட்டில் மூன்று வகைச் சரக்குக்கான ஆம்போராக்கள் உண்டு: மது, ஆலிவ் எண்ணெய், மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறு. மதுவை நம் அரசர்களும் வாங்கிக் குடித்திருப்பார்கள். நல்லெண்ணெய் இருக்கும் ஊரில் ஆலிவ் எண்ணெயையும், கருவாடு காயும் கரையில் இத்தாலிய மீன்சாற்றையும் யார் தேடுவார்கள்? அந்த நாக்கோடு பிறந்தவர்தான். சிலர் அங்கே பருவம் பருவமாகத் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். ஆனால் ரோமானியர் எழுப்பிய குளியல் மண்டபமோ, மன்றமோ, கோட்டைச் சுவரோ தமிழ் மண்ணில் எங்கும் தோண்டி எடுக்கப்படவில்லை. மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸுக்கு ஒரு கோயில் இருப்பதாக, ரோமானியரின் சாலைப் படமான பியூட்டிங்கர் வரைபடம் காட்டுகிறது. அது இன்னும் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இதே சோதனையை எதிர்ப்பக்கம் செய்து பார்ப்பது எனக்குப் பிடித்தமான காரியம். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகத்தை 1994 முதல் தோண்டிவருகிறார்கள். அங்கே செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. சரி, அது சரக்கு. ஆனால் இந்தியச் சமையல் பானைகளும் அரிசியும் பச்சைப்பயறும் தேங்காயும் அதே ஊர்க் குப்பையில் கிடைக்கின்றன. அதற்கு வடக்கே குசைர் அல்-கதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பயறு அவித்துத் தின்ன ஆளும், பானையில் தன் பெயரைக் கீற ஆளும் அங்கே இருந்திருக்கிறார்கள். ரோமர் இங்கே வந்தார்களா என்று கேட்கிற அளவுக்கு, நம்மவர் அங்கே போனதை நாம் கேட்பதில்லை. அது எனக்கு வருத்தம்.

இனி நிலத்துக்கு வருவோம். ஊர் இருந்த மேட்டை மட்டும் தோண்டினால் பாதிதான் தெரியும். அந்த ஊருக்குக் காற்றும் தண்ணீரும் வழியும் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். வீரகேரளம்புதூரில் உட்கார்ந்து அதைப் படிப்பது சுலபம்.

காற்றைப் பாருங்கள். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தால் குற்றாலத்தில் சாரல். அந்தத் தென்மேற்குக் காற்றேதான் அரபிக்கடலின் மறுகரையிலிருந்து கப்பலை முசிறிக்குத் தள்ளிவந்தது. கோடை நடுவில் எகிப்திலிருந்து புறப்பட்டு, செங்கடல் வாயிலைத் தாண்டினால் நாற்பது நாளில் முசிறி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். மார்கழி வாக்கில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

தண்ணீரைப் பாருங்கள். குற்றால மலையில் பிறந்த சிற்றாறு இங்கே அனுமன்நதியைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் விழுகிறது. அதன் கடைசியில் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, பாண்டியனின் கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி, பெட்டிகோ மலையில் பிறந்து கொற்கைப் பக்கம் கடலில் சேரும் ஆற்றைக் குறிக்கிறார். அறிஞர்கள் மலையைப் பொதிகை என்றும் ஆற்றைத் தாமிரபரணி என்றும் கொள்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்திருந்தவருக்கு நம் மலை தெரிந்திருக்கிறது.

இன்று கொற்கைக்குப் போனால் வாழைத் தோட்டமும் வயலும்தான். கடலைப் பார்க்க இன்னும் பல கிலோமீட்டர் கிழக்கே போகவேண்டும். 1870களில் அங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல் இதற்கு விளக்கம் சொன்னார்: ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்க, கடல் விலக, துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு போயிற்று. கொற்கைக்குப் பிறகு பழையகாயல், அதற்கும் கிழக்கே இப்போதைய கழிமுகத்தில் புன்னைக்காயல். அந்த வண்டலில் நம் சிற்றாறு சுமந்துபோன மண்ணும் உண்டு. ஒரு துறைமுகம் ஏன் செத்தது என்பதற்கான விடை, எண்பது கிலோமீட்டர் மேற்கே மலையடிவாரத்தில் கிடப்பதுண்டு. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் வயது கி.மு. 785 என்று வந்தது. ரோம் நகரம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் முந்தியது அது.

ரோமின் மேற்குப் பாதி தளரத் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. அந்தக் கதைதான் எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. தலைநகர் 330இல் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்விட்டது. 408இல் கோத்துகளின் தலைவன் அலாரிக் ரோமை வளைத்தபோது கேட்ட கப்பத்தில் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஆக, வழி இன்னும் அடைபடவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் செப்புக் காசுகள், நகத்தளவே இருக்கும் தேய்ந்த காசுகள், மதுரையில் வைகை மணலிலும் கரூரில் அமராவதி மணலிலும் நிறையக் கிடைத்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேர்த்து 1994இல் நூலாக்கினார். இலங்கையிலும் இவை ஆயிரக்கணக்கில் உண்டு. போதாதென்று அங்கேயே அச்சடித்த போலிகளும் உண்டு. தங்கக் காசைப் புதைப்பார்கள். செப்புச் சல்லியைக் கடைத்தெருவில்தான் தொலைப்பார்கள். பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியக் காலத்து உறவு கருவூலத்திலிருந்து இறங்கிச் சந்தைக்கு வந்துவிட்டது என்று இந்தச் சல்லிகளை வைத்து நான் எண்ணுகிறேன். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், மிளகுக் கரையின் ஐந்து துறைகளைச் சொல்லி, இலங்கையைச் சொல்லி, சங்கு ஏற்றுமதியாகும் மரல்லோ என்ற துறையையும் காவிரித் துறையையும் சொல்கிறார்.

அதே நூற்றாண்டில் அந்தப் பக்கம் நிலமும் மாறிக்கொண்டிருந்தது. நெகேவ் பாலைவனத்தில் பைசாந்தியக் குடியானவர்கள் ஓடைகளின் குறுக்கே கல்வரப்பு போட்டு, எப்போதாவது பெய்யும் மழையைத் தேக்கித் திராட்சை பயிரிட்டார்கள். மழை மறைவில் மலைத்தண்ணீரை அணைக்கட்டிலும் கால்வாயிலும் குளத்திலும் பிடித்து நெல் விளைவிக்கிற நமக்கு அந்த வேலை அந்நியமில்லை. ஆய்வாளர்கள் அங்கே குப்பை மேடுகளைச் சலித்துத் திராட்சை விதையை எண்ணினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஏறுகிற எண்ணிக்கை ஆறாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பின் சரிகிறது. 541இல் பரவிய கொள்ளைநோயும் பருவநிலை மாற்றமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பெரெனிகேயும் அந்த நூற்றாண்டில் ஆளற்றுப்போயிற்று.

நம் தென்காசி மாவட்டத்துக்கும் இந்த அகழாய்வு வேலை வந்துவிட்டது. திருமலாபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டி, ரோமானியருக்கெல்லாம் முந்திய இரும்புக்கால ஈமத்தாழிகளை வெளியே கொண்டுவந்தது. சிற்றாற்றுக் கரை நெடுக இன்னும் நடந்தே பார்க்கவேண்டிய நிலம் நிறைய இருக்கிறது. ஆய்வாளர்கள் முதலில் செய்வதும் நடைதான்: உழுத வயலில் வரிசையாக நடந்து, மேலே கிடக்கும் ஓடுகளைப் பார்த்து, எந்த இடத்தில் எது கிடந்தது என்று குறிப்பார்கள். இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

அதனால் கோடையில் குளம் வற்றிக் கரம்பை அள்ளும்போது கறுப்பு-சிவப்பு ஓடு தட்டுப்பட்டால், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கிடந்தபடியே படமெடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா வையுங்கள். சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காசு கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். தாழியின் வாய் வட்டமாகத் தெரிந்தால் அதற்குமேல் மண்வெட்டி படாமல் நிறுத்திவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். அலுவலகம் வீரகேரளம்புதூரிலேயே இருக்கிறது.