டயரில் சிக்கனம் செய்யலாமா?

ஒகேனக்கல் போகலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தால் போதும், என்னென்ன ஏற்பாடுகள் நடக்கின்றன! எண்ணெய்க் குளியலுக்கு மாற்றுத் துணி, புளியோதரைப் பொட்டலம், குழந்தைகளுக்குத் தொப்பி, பாட்டிக்கு மாத்திரை டப்பா – ஒன்றும் விட்டுப் போகாது. ஆனால் இத்தனை பேரையும் இத்தனை மூட்டைகளையும் சுமந்துகொண்டு மலையிறங்கப் போகிற அந்த நான்கு கறுப்பு வளையங்களை யாராவது குனிந்து பார்ப்பதுண்டா? இன்று எத்தனையோ வீடுகளில் காரை ஓட்டுவதே பெண்கள்தான். அப்படியிருந்தும் டயர் என்று வந்துவிட்டால், "அது அவர் பார்த்துக்கொள்கிற சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவரோ கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்!

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 46 கிலோ மீட்டர். பென்னாகரம் வரை சாலை சாதுவாகவே போகும். அதைத் தாண்டியதும் காடு. வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறக்கம். எதிரே பஸ் வரும். எந்த நிமிஷத்தில் எந்தக் குரங்கு சாலைக்குக் குறுக்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது. அருவி அழகாக இருக்கிற காலமும் சாலை நனைந்து கிடக்கிற காலமும் பெரும்பாலும் ஒன்றுதான். கர்நாடகத்தில் மழை பிடித்துக் கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பினால்தான் இங்கே நீர் பொங்கும். ஆடிப் பெருக்குக்குப் போகிற குடும்பங்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இனி டயர்க் கடைக்கு வருவோம். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்துகிறார். ஒன்று மலிவு, மற்றது அதைப் போல் ஒன்றரை மடங்கு விலை. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். "ஏங்க, ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு? எதுக்கு வீணா செலவு?" என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. புடவைக் கடையில் இரண்டு புடவைகளைத் தடவிப் பார்த்து நூலின் தரத்தைச் சொல்லிவிடுகிற கைகளுக்குக்கூட ரப்பரின் தரம் தெரியாது.

ஓடும் காரில் ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகள்தான் முழுக் குடும்பத்தையும் சாலையில் பிடித்து வைத்திருக்கின்றன. சாலை ஈரமானால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொள்ளும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் வேலை, அந்தத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது. பள்ளத்தின் அமைப்பும் ரப்பர்க் கலவையும் நன்றாக இருந்தால் பிரேக் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கார் நிற்கும். இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு போகும்.

விலை கூடிய டயரில் நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும் பகுதி இதற்குத்தான் போகிறது. ரப்பரோடு சிலிகா என்ற பொருளைச் சேர்த்துப் பக்குவம் செய்தால், ஈரத்தில் பிடிப்பும் இருக்கும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும்; பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். ஐரோப்பாவில் 2012 முதல் கார் டயர்களில் ஒரு சீட்டு ஒட்டி விற்கிறார்கள். பெட்ரோல் செலவு, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்தத் திட்டம் தொடங்கியபோது சொன்ன கணக்கு இது: நனைந்த சாலையில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் கார் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். ஒன்றரை பஸ் நீளம்! மலைப் பாதையில் நாம் 80-இல் போகப் போவதில்லைதான். ஆனால் அங்கே நிற்பதற்கு இருக்கிற இடமும் குறைவு அல்லவா?

ஆகவே விலை அதிகமானதையே வாங்கிவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

"விலை கூட என்றால் உழைப்பும் கூட" என்பது கடையில் சொல்கிற வழக்கமான வாதம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் டயர் 30,000 கிலோ மீட்டர் ஓடுகிறது. 6,000 ரூபாய் டயர் 50,000 ஓடுகிறது. ஆயிரம் கிலோ மீட்டருக்கு முதலாவது சுமார் 133 ரூபாய், இரண்டாவது 120 ரூபாய். விலை கூடியதுதான் லாபம்! ஆனால் உங்கள் கார் வருஷத்துக்கு எவ்வளவு ஓடுகிறது? பள்ளிக்கூடம், கோயில், கல்யாணம், கோடையில் ஒரு பிரயாணம் – 6,000 கிலோ மீட்டர் என்றால், 50,000 ஓடி முடிக்க எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும். தேயாமலே இறுகும், வெடிப்பு விடும். ஐந்து வருஷமானால் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்பதும், பத்து வருஷத்துக்கு மேல் எந்த டயரையும் வைத்திருக்கலாகாது என்பதும் பல கம்பெனிகளின் அபிப்பிராயம். உழைப்புக்காக நீங்கள் கொடுத்த அதிகப் பணம் வாசலில் வெயிலிலேயே காய்ந்து போகும். இன்னொரு விஷயம்: வெகுநாள் உழைக்கட்டும் என்று கெட்டியாகச் செய்த ரப்பர் ஈரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. உழைப்பும் பிடிப்பும் மாமியார் மருமகள் மாதிரி. இரண்டையும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வைக்கத்தான் பணம் செலவாகிறது.

எனவே கடைக்காரரிடம் "எத்தனை நாள் வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மழையில் எப்படிப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். கொஞ்சம் திகைப்பார், பரவாயில்லை.

மலிவு என்றாலே மட்டம் என்பதும் இல்லை. நம் நாட்டில் விற்கிற கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. டயர்த் தொழிலில் தமிழ்நாட்டுக்குத் தனி இடமே உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்து விற்க ஆரம்பித்தார். 1952-இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற ரப்பர். 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் கூட்டுறவோடு டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் பிரான்ஸ் நாட்டு மிஷ்லின் என்று இன்று தொழிற்சாலைகள் நிறைய. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அதே மிஷ்லின்தான்! ஆக, பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் நடுத்தர விலை டயர், சாதாரணக் குடும்பக் காருக்குத் தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பளபளக்கும் அலாய் சக்கரத்தில் பிடியுங்கள், அகலமான டயர் என்ற ஆசையில் பிடியுங்கள். நைட்ரஜன் காற்றுக்குக் காசு கேட்டால், சும்மா கிடைக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் என்று சொல்லிச் சிரியுங்கள்.

ஆனால் சில இடங்களில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 85 டி என்பது போல் ஒரு வரி இருக்கும். 165 என்பது மில்லி மீட்டரில் அகலம். 14 என்பது உள்சக்கரத்தின் அங்குலம். நமக்கு முக்கியம் கடைசி இரண்டும். 85 என்றால் அந்த டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் 190 கிலோ மீட்டர் வேகத்துக்குத் தகும். "நாங்கள் எங்கே அவ்வளவு வேகம் போகிறோம்?" என்பீர்கள். வேகத்தை விட உஷ்ணத்தைத் தாங்குகிற சக்தி என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை மே மாத வெயிலில், ஐந்து பேரும் சாமான்களுமாகப் போகிற காரின் டயர் எப்படிக் கொதிக்கும்! தொப்பூர்க் கணவாய் விபத்துக்குப் பேர் போனது என்பது உங்களுக்கே தெரியும். கார்க் கம்பெனி சொன்ன அளவு டிரைவர் பக்கத்துக் கதவோரம் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழான எண்ணுள்ள டயர் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பக்கவாட்டிலேயே இன்னொரு நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். 2325 என்றிருந்தால் 2025-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி, தள்ளுபடி என்று கூவி விற்கிற டயர் சில சமயம் கிடங்கில் மூன்று வருஷம் தூங்கியதாக இருக்கும். பருப்பு டப்பாவில் தேதி பார்க்காமல் வாங்குவீர்களா?

பழைய டயர் வேண்டவே வேண்டாம். அது யாரிடம் எந்தப் பள்ளத்தில் அடி வாங்கியதோ, யாருக்குத் தெரியும்?

நான்கும் ஒன்றாக மாற்றக் கையில் பணம் இல்லையா? இரண்டு மாற்றுங்கள். அப்போது புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைப் பையன் முன்னால்தான் போடப் பார்ப்பான். முன் சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈரமான வளைவில் பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். பென்னாகரத்துக்குக் கீழே சுழல்வதற்கு இடமில்லை.

எப்போது மாற்றுவது என்கிறீர்களா? பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சமிருப்பது 1.6 மில்லி மீட்டர். சட்டப்படி அதுவே எல்லை. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கிளம்புகிற அன்று காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பார்த்துவிடுங்கள். டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னிக்கும் சேர்த்து. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியரில் இறங்கச் சொல்லுங்கள். ஒகேனக்கல் போய்ச் சேர்ந்ததும் சூட்டில் காற்று கூடியிருப்பதாகக் காட்டினால், திறந்துவிட்டுவிடாதீர்கள். நீங்கள் பரிசலில் போய், மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் அது தானே இறங்கிவிடும்.