உச்சவரம்பு 34,000; ஓட்டுக்குப் போவது எத்தனை லட்சம்?

2019 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். 2,000 ஓட்டுள்ள ஊரில் தலைக்கு 500 என்று கவர் கொடுத்தாலே 10 லட்சம் ஆகிவிடும். ஜெயித்தவருக்கு அன்று மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அந்தக் கணக்கில் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 60,000. அப்படியிருந்தும் ஏன் கொட்டுகிறார்கள்?

விடை காசோலையில் இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சாலை வேலை, கட்டட அனுமதி எல்லாம் ஊராட்சியைத் தொட்டுத்தான் நகரும். கோவையைச் சுற்றித் தென்னந்தோப்புகள் சைட்டுகளாக மாறும் ஊர்களில் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அதனால் ஓட்டு எண்ணி முடிந்த பிறகு, ஜெயித்த உறுப்பினர்களிடம் இரண்டாவது பேரம் தொடங்குகிறது.

தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டமன்றத் தேர்தலில் மேலிருந்து இறங்குவது கட்சிப் பணம். இங்கே பெரும்பாலும் சொந்தப் பணம், வட்டிக்கு வாங்கியது, காட்டை அடமானம் வைத்தது. போட்டதை எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி முதல் நாளே வந்துவிடுகிறது.

வாங்காமல் இருப்பதும் எளிதல்ல. கவரோடு வருபவர் பங்காளி, மாமன், தறி முதலாளி. மறுத்தால் எதிரணி ஆள் என்று பேர். வார்டில் சில நூறு ஓட்டுகள்தான். எண்ணிய அன்றே எந்த வீடு மாறியது என்று கணக்குப் போடுகிறார்கள். வாங்கிய காசுக்கு மாற்றிப் போட்டால் சாமி குத்தம் என்று நினைப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுடைய நேர்மையையே விலைபேசுவதுதான் இதில் பெரிய கொடுமை என்பேன்.

சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. தேர்தலை நிறுத்தியும் பார்த்தார்கள். கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடாவுக்காக 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தல் ரத்தானது. நவம்பரில் மறுபடி நடந்தபோது இரு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களை நிறுத்தின.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஆர்.சண்முகம் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தபோது, ஊராட்சிக்கென 350 கிலோவாட் காற்றாலை வாங்கப்பட்டு மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்கப்பட்டது. அதே கையெழுத்து அதிகாரம்தான் அவருக்கும் இருந்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு ஊராட்சிகளில் 2019 தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த தேர்தலிலாவது வேட்பாளர் ஒவ்வொருவரின் செலவுக் கணக்கையும் கிராம சபையில் வாசிக்க வைக்க வேண்டும். 34,000 என்று எழுதியிருப்பது உண்மையா என்று ஊருக்குத் தெரியும்.