லினக்ஸ் கோப்பு முறைமையில் நிர்வாகி திருத்தும் ஸ்கிரிப்டுகளின் இருப்பிடம்: டெபியன் வழங்கலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் கணினியில் நிர்வாகி தாமே எழுதி அவ்வப்போது திருத்தும் ஸ்கிரிப்டுகளை எந்த அடைவில் வைப்பது என்பது அவரவர் பழக்கத்துக்கு விடப்படும் சிறு செய்தியாகவே கருதப்படுகிறது. ஒரு கோப்பை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவே அதன் அடிப்படை என்பதைக் கோப்பு முறைமைப் படிநிலைத் தரம், டெபியன் கொள்கை ஆவணம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், டெபியன், கோப்பு முறைமை, ஸ்கிரிப்ட், பொதி மேலாண்மை, அனுமதி.

முன்னுரை

மொழித் தரவகங்களையும் சுவடிப் படிமங்களையும் லினக்ஸ் சர்வர்களில் பேணும் துறைகளில், இரவுதோறும் படியெடுத்தல், பழைய குறியேற்றத்தில் உள்ள உரைகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் போன்ற பணிகளைச் சிறு ஸ்கிரிப்டுகளே செய்கின்றன. அவற்றை எழுதியவர் ஆய்வை முடித்துச் சென்றபின் அடுத்து வருபவரால் அவற்றைக் கண்டறிய இயல வேண்டும். இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அவை அழியாதிருக்க வேண்டும். அவற்றை வழியாகக் கொண்டு பிறர் நிர்வாகியின் அதிகாரத்தைப் பெற இயலாமலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஸ்கிரிப்ட் வைக்கப்படும் இடத்தைப் பெரிதும் சார்ந்தவை. இரவுப் படியெடுப்பு ஸ்கிரிப்ட் ஒன்று இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அடைவுப் பெயர்கள் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

பெயர்கள் தரும் மயக்கம்

அடைவின் பெயரைக் கொண்டு அதன் பயனை உய்த்துணர முற்படுவோர் இடர்ப்படுவர். பெல் ஆய்வகத்தில் உருவான தொடக்க கால யுனிக்ஸில் பயனர்களின் சொந்த அடைவுகள் /யூஎஸ்ஆர் அடைவின் கீழ் இருந்தன. பெயரும் அதனால் அமைந்ததே. இன்று பயனர்கள் /ஹோம் அடைவுக்குப் பெயர்ந்துவிட்டனர். /யூஎஸ்ஆர் பெரும்பாலும் வழங்கலைத் தயாரிப்போர் அளிக்கும் நிரல்களுக்கு உரியதாகிவிட்டது. /இடிசி என்பது ‘முதலியன’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். பழைய யுனிக்ஸில் மவுண்ட், இனிட் போன்ற நிரல்களும் அங்கு இருந்தன. இன்று அது அமைவுக் கோப்புகளின் இடம். ‘திருத்தத்தக்க உரை அமைவு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இடிசி எனச் சிலர் விரித்துரைப்பது பிற்காலக் கற்பிதம். மொழியியலார் மக்கட் சொற்பிறப்பு என வகைப்படுத்துவதற்கு நல்ல சான்று. ஆயினும் அக்கற்பிதம் இன்றைய பயன்பாட்டைச் சரியாகவே சுட்டுகிறது.

வழங்கலின் எல்லையும் நிர்வாகியின் எல்லையும்

லினக்ஸ் அடைவுகளுக்கான பொதுத் தரம் முதன்முதலில் 1994 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. பின்னர் அது கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் எனப் பெயர் மாறியது, அதன் 3.0 பதிப்பு 2015இல் வந்தது. நிர்வாகி தம் கணினியில் தாமே நிறுவும் மென்பொருளுக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவை அத்தரம் ஒதுக்குகிறது. இயங்குதளப் புதுப்பிப்பின்போது அங்குள்ளவை மேலெழுதப்படாமல் காக்கப்பட வேண்டும் எனவும் வரையறுக்கிறது. டெபியன் கொள்கை ஆவணம் இதனை மேலும் இறுக்கி, எந்தப் பொதியும் அங்குக் கோப்பு எதையும் வைத்தலாகாது என விதிக்கிறது. வெற்று அடைவுகளை உருவாக்க மட்டுமே இசைகிறது.

நம் படியெடுப்பு ஸ்கிரிப்டை /யூஎஸ்ஆர்/பின் அடைவில் வைத்தால் என்ன நேரும்? முதல் நாள் எதுவும் நேராது; அதனால்தான் இப்பிழை நீடிக்கிறது. பின்னொரு நாள் அதே பெயருடைய கோப்பைக் கொண்ட பொதி ஒன்று நிறுவப்பட்டால், டிபிகேஜி எதையும் வினவாமல் நம் கோப்பின்மேல் எழுதிவிடும். வேறு எந்தப் பொதிக்கும் உரியதாகப் பதிவாகாத கோப்பு அதன் பார்வையில் உரிமையாளர் அற்றது. வழங்கல் அளித்த ஸ்கிரிப்ட் ஒன்றை அங்கேயே திறந்து திருத்தினாலும் அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் மறையும்.

எனவே எல்லாப் பயனரும் இயக்கத்தக்கவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவுக்கும், நிர்வாகப் பணிக்கானவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் அடைவுக்கும் உரியன. படியெடுப்பு ஸ்கிரிப்ட் இரண்டாம் வகையது. /ஆப்ட் அடைவு தனக்கெனத் துணைக் கோப்புகள் பலவற்றுடன் வரும் கூடுதல் மென்பொருளுக்கானது. ஒற்றை ஸ்கிரிப்டுக்கு அது வேண்டுவதில்லை.

கட்டளையைத் தேடும் வரிசையைக் கூறும் பாத் மாறியில், வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுகள் /யூஎஸ்ஆர் அடைவுகளுக்கு முன்னே நிற்கும். ஆகவே ஒரே பெயர் இரண்டிடத்தும் இருப்பின் நிர்வாகியின் ஸ்கிரிப்டே இயங்கும். இது வழங்கலின் நிரலைத் தொடாமல் அதற்கு மாற்று வைக்க உதவும் வசதி. அறியாமல் பெயர் ஒத்துவிட்டால் அந்தக் கட்டளையைப் பெயரால் அழைக்கும் பிற நிரல்களும் நம் ஸ்கிரிப்டையே இயக்கிவிடும்.

இடிசி அடைவில் ஸ்கிரிப்ட் இருக்கலாமா?

அமைவுக் கோப்பு இருமக் குறிமுறையிலான நிரலாக இருத்தல் கூடாது எனத் தரம் கூறுகிறது. ஸ்கிரிப்ட் உரைக்கோப்பாகையால் இத்தடைக்கு உட்படுவதில்லை. டெபியன் கொள்கை இன்னும் ஒரு படி மேற்சென்று, அமைவுச் செய்திகளைத் தன்னுள் கொண்ட ஸ்கிரிப்ட் நடைமுறையில் அமைவுக் கோப்பே எனக் கூறி, /இடிசி/கிரான்.டெய்லி அடைவில் உள்ளவற்றை எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறது. நிரல், அமைவு என்னும் பகுப்பு கோப்பின் வடிவத்தால் அமைவதன்று. நிர்வாகி அதனைத் திருத்துவார் என்னும் எதிர்பார்ப்பால் அமைவது. இவ்விளக்கமே சிக்கலின் மையத்தைத் தொடுகிறது என்பது கட்டுரையாளர் கருத்து.

அவ்வெதிர்பார்ப்புக்கு ஏற்பவே டிபிகேஜி நடந்துகொள்கிறது. அமைவுக் கோப்பு எனப் பொதியில் குறிக்கப்பட்டதை நிர்வாகி மாற்றியிருந்து, புதிய பதிப்பிலும் அது மாறியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என அது வினவும். விடை குறிப்பிடாவிடில் நிர்வாகியின் வடிவமே நிலைக்கும். நிர்வாகி அக்கோப்பை நீக்கியிருந்தால் அந்நீக்கமும் ஒரு முடிவாக மதிக்கப்பட்டு, கோப்பு மீண்டும் வைக்கப்படுவதில்லை. சிஸ்டம்டியும் இதே நெறியைப் பின்பற்றுகிறது: வழங்கலின் சேவைக் கோப்பு /யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்க, /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் நிர்வாகி வைக்கும் அதே பெயர்க் கோப்பு அதனை விஞ்சும்.

படியெடுப்பு ஸ்கிரிப்டை அப்படியே /இடிசி/கிரான்.டெய்லி அடைவில் இடுவது தவறன்று. ஆனால் ஸ்கிரிப்டின் உடலை /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின் அடைவிலும், எந்த அடைவை எங்குப் படியெடுப்பது போன்ற மதிப்புகளை /இடிசி அடைவின்கீழ் ஒரு சிறு கோப்பிலும், அதனை நாள்தோறும் அழைக்கும் ஓரிரு வரிகளைக் கிரானிலும் பிரித்து வைப்பது மேல். மாற வேண்டியது மதிப்பு மட்டுமாயின் நிரலைத் திறக்க நேராது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கூறாமல் விட இயலாது. கிரான்.டெய்லியில் உள்ளவற்றை இயக்கும் ரன்-பார்ட்ஸ் நிரல், டெபியனின் இயல்பு நிலையில், ஆஸ்கி எழுத்து, எண், அடிக்கோடு, இணைகோடு ஆகியவை மட்டும் கொண்ட பெயர்களையே ஏற்கும். பெயரின் இறுதியில் புள்ளியும் .எஸ்ஹெச் என்னும் பின்னொட்டும் சேர்த்தால் ஸ்கிரிப்ட் இயங்காது. பிழைச் செய்தியும் வாராது. தமிழ் எழுத்தில் பெயரிட்டாலும் அதே கதிதான். பல மாதம் படியெடுக்கப்பட்டதாக நம்பியிருந்த தரவகத்துக்கு ஒரு படியும் இல்லை என்பது வட்டு பழுதான அன்றே தெரியவரும். பயனருக்குரிய கிரான் பட்டியலிலோ பாத் மாறி இயல்பாக /யூஎஸ்ஆர்/பின், /பின் என்னும் இரண்டை மட்டுமே கொண்டிருக்கும்; லோக்கலில் உள்ள ஸ்கிரிப்டை அங்கு முழுப் பாதையுடன் எழுத வேண்டும்.

திருத்துபவர் யார்?

‘பயனர் திருத்தத்தக்க’ என்னும் அடையில் பயனர் என்பது யாரைக் குறிக்கிறது என்பதே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. தம் பணிக்காக மட்டும் ஒருவர் எழுதும் ஸ்கிரிப்ட் அவருடைய சொந்த அடைவில் .லோக்கல்/பின் என்னும் துணை அடைவில் இருப்பதே முறை. ரூட் அதிகாரத்துடன் இயங்கும் ஸ்கிரிப்டைப் பிற பயனர் திருத்த இயலுமாயின், அவர் விரும்பும் எக்கட்டளையையும் அதே அதிகாரத்துடன் இயக்க இயலும். கோப்பில் எழுதும் அனுமதியை நீக்குவது மட்டும் போதாது. அதனைக் கொண்ட அடைவில் எழுதும் அனுமதி இருப்பின், பொதுவாகப் பழைய கோப்பை நீக்கி அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம்.

மதிப்புகளைத் தனிக் கோப்பில் வைத்து அதை மட்டும் மாணவர் திருத்தலாம் என விடுவதும் முழுத் தீர்வன்று. ஷெல் ஸ்கிரிப்ட் அக்கோப்பைத் தன்னுள் அழைத்துக்கொள்ளும்போது அதிலுள்ள வரிகள் கட்டளைகளாகவே இயங்குகின்றன. பலர் திருத்த வேண்டிய பணியெனில், அதற்கெனத் தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, தரவகத்தைப் படிக்கவும் படியை எழுதவும் மட்டும் அதற்கு அனுமதி தந்து, ரூட் அதிகாரமின்றி இயக்குவதே தக்கது.

/யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்கு ஒரு குறையும் உண்டு. பொதி மேலாண்மை அங்குள்ளவற்றை அழிப்பதில்லை, பதிவு செய்வதுமில்லை. பொதிப் பட்டியலைக் கொண்டு புதிய கணினியை அமைத்தால் அங்கிருந்த ஒன்றும் உடன் வாராது. அதனால் மூலத்தைக் கிட் களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்து படியெடுத்து நிறுவுவது நன்று. ஒரே ஸ்கிரிப்ட் பல கணினிகளுக்குத் தேவைப்படும்போது துறையே அதனை ஒரு டெபியன் பொதியாக்கலாம். அப்போது அதே ஸ்கிரிப்டின் உரிய இடம் /யூஎஸ்ஆர்/எஸ்பின் ஆகிவிடும். மதிப்புக் கோப்பு மட்டும் /இடிசி அடைவில், ஒவ்வொரு கணினியின் நிர்வாகியும் திருத்துவதற்காக, இருக்கும்.