நிற்கத் தெரிந்த வண்டி

ஓடுதல் வண்டிக்கு ஆற்றல். வேண்டியவிடத்தில் நிற்றல் அதற்குப் பண்பு. காரின் சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டினை இருபுறமும் பற்றி நிறுத்துவன பிரேக் பேடுகள். இம்முறைக்கு 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் பிரடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர். ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்துங்கால் பிரேக் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடுகளை வட்டின்மேல் அழுத்தும்.

தேய்தல் பேடுகளின் இயல்பு. புதியன பூட்டுவோர் இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் ஒருங்கே பூட்டுவர். அன்றேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உராயும் முகம் வட்டினை நோக்கியிருத்தல் வேண்டும். அதன்மேல் எண்ணெய்ப் பசை படலாகாது. புதிய பேடு தடிப்புடையது. அதற்கு இடம் அளிக்கப் பிஸ்டனை மெல்லப் பின்னே தள்ளுவர்.

இங்குதான் இடர் மறைந்துள்ளது. பின்சென்ற பிஸ்டன் பேடினை அழுத்தும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அப்படியே வண்டியைச் செலுத்தினால், முதன்முறை அழுத்தும்போது மிதி வெறுமனே தாழும், வண்டி நில்லாது. எதிரே ஒரு குழந்தை வந்தால் யாது செய்வது? ஆதலின், வண்டி நகருமுன்பே, மிதி உறுதியாகும் வரை அதனைப் பன்முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். திருகாணிகளை முடுக்கிய அளவில் பணி முடிவதில்லை. வண்டி நிற்கும் என்று தெளிந்த பின்னரே முடியும்.