கார் டயர்கள் – ஓர் ஒப்பாய்வு

தன் தரத்தைத் தோற்றத்தால் காட்டாத பொருள்களுள் டயரும் ஒன்று. கடையில் அடுக்கப்பட்டிருக்கும் பத்து டயர்களும் கரியவை, வட்டமானவை, புதியவை. அவற்றுள் எது மழையில் நழுவும், எது விரைவில் தேயும் என்பதைக் கண்ணால் அறிதல் அரிது. எனவே பெயரைக் கேட்டும் விலையைக் கேட்டும் வாங்கிச் செல்கிறோம். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. குடும்பத்தினர் ஐவரைச் சுமந்து மணிக்கு 80 கி.மீ. விரையும் கார் இந்நான்கு கையகல இடங்களைக் கொண்டே சாலையைப் பற்றியிருக்கிறது என்பதை எண்ணினால், இத்தெரிவு எளிதாகக் கொள்ளத்தக்கதன்று என்பது விளங்கும். (டயர் என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கிறோம், பஞ்சர் கடையில் வேறு சொல் செல்லாது.)

முதற்கண் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்பதன் சுருக்கமே எம்.ஆர்.எஃப். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் சிறுவர்க்கான பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னர் டயர்த் தொழிலாக வளர்ந்தது. சியட் என்பது இத்தாலியின் துரின் நகரில் மின்கம்பி செய்த நிறுவனத்தின் முதலெழுத்துகளால் ஆன பெயர். ஜப்பானியரான இஷிபாஷியின் பெயருக்குக் கற்பாலம் என்பது பொருள். அதனை ஆங்கிலத்தில் முன்பின்னாக மாற்றியதே பிரிட்ஜ்ஸ்டோன். கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை உறுதியாக்கும் முறையை 1839இல் கண்டறிந்த சார்லஸ் குட்இயர், தம் பெயர் தாங்கிய நிறுவனத்தை அறியாமலே 1860இல் மறைந்தார். அது தோன்றியது 1898இல்தான். இவை அறிந்து மகிழத்தக்கவை. ஆயினும் டயரின் தரத்தை இப்பெயர்களைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது என்பதே நம் கருத்து.

காரணம் யாதெனின், ஒரே நிறுவனம் ஒன்றற்கொன்று மாறுபட்ட நோக்கமுடைய வகைகளைச் செய்கிறது. அப்போலோவின் அமேசர் 4ஜி லைஃப் நீண்ட உழைப்பை முன்னிறுத்தி வெளிவந்தது. அதே நிறுவனத்தின் அல்நாக் 4ஜி ஓட்டத்திறனை முன்னிறுத்தியது. குட்இயரின் டியூராபிளஸ் நெடுநாள் தேயாமைக்கும், டிரிப்பிள்மேக்ஸ் ஈரத்தில் விரைந்து நிற்றற்கும் எனப் பிரிந்தவை. சியட்டின் மைலேஸ், பெயரிலேயே தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. எனவே ‘அப்போலோ சிறந்ததா, குட்இயர் சிறந்ததா’ என்னும் வினாவே பிழைபட்டது. எந்த வகையை எந்த வகையோடு ஒப்பிடுகிறோம் என்பதே வினா.

இவ்வேறுபாடு ரப்பரின் இயல்பால் எழுவது. மென்மையான கலவை சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான கலவை நெடுந்தூரம் உழைக்கும். ஆனால் நனைந்த சாலையில் பிடிப்புக் குறையக்கூடும். உருளும்போது டயர் விழுங்கும் ஆற்றல் மூன்றாவதாக வந்து சேர்கிறது. அது மிகுந்தால் எரிபொருள் செலவு கூடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைவது பொதுவிதி. மிச்செலின் 1992இல் கரித்தூளின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சிலிக்காவைச் சேர்த்து இவ்விதியின் கடுமையைத் தளர்த்தியது. நீக்கிவிட்டது என்று கூறுதற்கில்லை. மூன்றிலும் முதன்மை என்று கடைக்காரர் உரைப்பின், சற்றே ஐயுறுதல் நன்று.

டயரின் பக்கச்சுவரே அதன் சாசனம். 165/80 ஆர் 14 85 டி என்று பொறித்திருப்பின், அகலம் 165 மி.மீ.; பக்க உயரம் அவ்வகலத்தில் 80 விழுக்காடு; ஆர் என்பது ரேடியல்; 14 அங்குல வட்டு; 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதன் குறி; டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரை தாளும் என்பதன் குறி. மயில்தோகையேயாயினும் அளவு கடந்தால் வண்டி தாங்காது என்ற வள்ளுவரின் நாட்டினர், விலை மலிவு கருதி இந்தச் சுமைக்குறியில் இறங்கிவிடலாகாது. நான்கிலக்க எண் ஒன்றும் காணப்படும். 3523 எனின் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்க. தள்ளுபடி விலைக்குக் கிடைக்கும் டயரில் முதலில் நோக்கவேண்டியது இதுவே.

அமெரிக்க முறைப்படி அமைந்த தேய்மான எண்ணையும் சில டயர்களில் காணலாம். 100 என்பது அளவுகோலாகிய டயர். 400 பெற்றது வரையறுத்த சோதனைப் பாதையில் அதனினும் நான்கு மடங்கு உழைக்கும் என்பது பொருள். ஆயின் இவ்வெண்ணைத் தயாரிப்பாளரே வழங்குகின்றனர். ஒரே நிறுவனத்தின் இரு வகைகளை ஒப்பிட அது உதவும். இரு நிறுவனங்களை ஒப்பிட அத்துணை நம்பத்தக்கதன்று. ஐரோப்பாவில் 2012இல் நடைமுறைக்கு வந்த முத்திரையோ எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றையே காட்டியது; தேய்மானம் அதில் இடம்பெறவில்லை.

இனி விலைக்கு வருவோம். கணக்கிற்காக, ஒரு டயர் ரூ.4,500 விலையில் 40,000 கி.மீ. உழைப்பதாகவும், மற்றொன்று ரூ.6,000 விலையில் 60,000 கி.மீ. உழைப்பதாகவும் கொள்வோம். ஆயிரம் கி.மீ.க்கு முன்னதன் செலவு ரூ.112.50; பின்னதன் செலவு ரூ.100. விலை மிக்கதே மலிவு என்று தோன்றும். நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவர்க்கு அது மெய்யே. ஆனால் ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டும் ஓர் ஆசிரியரை எண்ணுக. அவர் 60,000 கி.மீ. கடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ரப்பரோ நின்ற இடத்திலேயே மூப்படைவது. ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்குமாறும், பத்தாண்டு நிரம்பின் பட்டன் தேயாதிருப்பினும் மாற்றுமாறும் மிச்செலின் அறிவுறுத்துகிறது. ஆகவே அவர் பெறுவது 50,000 கி.மீ.தான், செலவு ஆயிரத்துக்கு ரூ.120 ஆகிவிடுகிறது. மலிவு டயரோ எட்டாண்டில் தேய்ந்து, அதே ரூ.112.50இல் நிற்கிறது. ஒரே இரு டயர்கள். ஓட்டுபவர் மாறத் தீர்ப்பும் மாறுகிறது. இத்தகையோர் நீண்ட உழைப்புக்கெனப் பணம் கொடுப்பதினும் மழைப் பிடிப்புக்கெனக் கொடுத்தலே தக்கது.

அண்டைவீட்டார் தம் டயர் இத்தனை ஆயிரம் ஓடியது என்று சொல்லும் சான்றையும் அளந்தே ஏற்கவேண்டும். காற்றுக் குறைந்தால் இருபுற விளிம்பும், மிகுந்தால் நடுப்பகுதியும் தேயும். அலைன்மெண்ட் பிசகினால் ஒருபுறம் மட்டும் தேயும். கதவோரம் குறித்துள்ள பவுண்டு அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடிப்பவர் எளிய டயரையும் நெடுநாள் உழைக்கச் செய்வார்.

பட்டன் முற்றும் தேய்ந்த மொட்டை டயர் காய்ந்த சாலையில் நன்றாகவே பிடிக்கும் என்பது பலர் அறியாதது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் உலர்ந்த நாளில் ஓடும் பந்தயக் கார்களின் டயர்களில் பள்ளமே இல்லாமையைக் காணலாம். பள்ளங்கள் இருப்பது நீரை வெளியேற்றவே. அவை ஆழம் குன்றியபின், ஐப்பசி மழையில் தேங்கிய நீர்மீது கார் மிதந்து செல்லும். அவ்வேளை பிரேக்கும் பயன் தராது, ஸ்டீயரிங்கும் பயன் தராது. புதிய டயரில் பெரும்பாலும் 8 மி.மீ. அளவிலுள்ள ஆழம் 1.6 மி.மீ. ஆகும்போது, பள்ளத்தினூடே அமைந்த சிறு மேடுகள் பட்டனோடு சமமாகிவிடும். சட்டம் கூறும் எல்லை அது. மழைப் பிடிப்போ அதற்கு முன்னரே பெரிதும் குறைந்திருக்கும், 3 மி.மீ. அளவிலேயே மாற்றுதல் மழைக்காலப் பயணத்துக்கு ஏற்றது.

நான்கையும் ஒருசேர மாற்றப் பொருள்வசதி இல்லாதோர் இரண்டை மட்டும் மாற்றுவர். முன்சக்கரங்களே காரை இழுப்பன, திருப்புவன என்பதால் புதியவற்றை முன்னே பூட்டுவது வழக்கமாகிவிட்டது. டயர் நிறுவனங்களோ பின்னே பூட்டுமாறு கூறுகின்றன. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே செல்லும். வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநரும் அதனை மீட்டல் அரிது.