தெர்மாகோல்: மீன்பெட்டியும் கிறிஸ்மஸ் குடிலும்

வீராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மீனைப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடியும் ஐஸ். மூடியை ஒட்டிவிட்டால் மீன் வெளியூர்ச் சந்தைவரை கெடாமல் போகும். அதே வெள்ளைப் பொருளைத்தான் டிசம்பர் மாதத்தில் மலையாகவும் மாட்டுத்தொழுவமாகவும் வெட்டி, கிறிஸ்மஸ் குடில் அமைத்து வந்தோம். தெர்மாகோல் என்பது அதன் வணிகப் பெயர். உண்மையில் அது பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கின் நுரை.

1839-ஆம் ஆண்டு, பெர்லின் நகரில் மருந்து தயாரிப்பவராக இருந்த எடுவார்ட் சைமன், சாம்பிராணி போல மணக்கும் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்து எண்ணெய் போன்ற திரவத்தை எடுத்தார். சில நாட்களில் அது கூழாக இறுகிவிட்டது. சின்னஞ்சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வதே இதற்குக் காரணம் என்று 1920-களில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் விளக்கினார். அவருக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பிளாஸ்டிக்கை நுரைக்க வைக்கும் வழியை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கண்டது. சர்க்கரை போன்ற மணிகளுக்குள் பென்டேன் என்னும் பொருளை அடைத்து நீராவியில் காட்டினால், அவை பொரி போலப் பல மடங்கு உப்பும். பிறகு அச்சில் இட்டு மறுபடியும் நீராவி செலுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக் கிடைக்கும் பெட்டியில் ஏறத்தாழ 98 விழுக்காடு வெறும் காற்றுதான். மணிக்குள் சிறைப்பட்ட காற்று அசையாததால் வெளிச்சூடு உள்ளே எளிதில் போகாது. ஐஸ் மெல்ல உருகும். இரவெல்லாம் கடலில் கிடந்தவரின் உழைப்புக்கு அந்தச் சில மணி நேரம்தான் விலை. ஐஸ் தீர்ந்தால் நல்ல மீனும் கருவாட்டுக்குத்தான் போகும். ஆகவே இந்தப் பெட்டியை ஒரேயடியாகப் பழிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் உடைந்த பிறகு அது எங்கே போகிறது? வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானியரின் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. திராட்சை இரசமும் எண்ணெயும் அவற்றில் வந்தன. சிலவற்றில் ஸ்பெயின் நாட்டு மீன்சாறு வந்தது என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். (மீன் ஊருக்கே மீன் அனுப்பியிருக்கிறார்கள்!) அந்த ஓடுகளும் மக்கவில்லை. ஆனாலும் சுட்ட மண் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது, யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. தெர்மாகோல் அப்படியல்ல. அது வெயிலிலும் அலையிலும் மணிமணியாக உதிர்ந்து நீரில் மிதக்கும். இரை என்று நினைத்து மீன் அதை விழுங்கும். எரித்தாலோ கரும்புகையோடு நச்சு வாயுக்கள் வரும். குப்பை மேட்டில் தீ வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்பர்களே, 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. மீன்பெட்டி அந்தத் தடையில் இல்லை. இது நியாயமான பிரிவினை என்றே நினைக்கிறேன். பெட்டி ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கிறது. கழுவிக் காயவைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். குடிலுக்கு வெட்டிய அட்டையோ மூன்று வாரத்தில் குப்பை. அதிலும் ஸ்பிரே பெயின்ட் அடித்தவர்களுக்குத் தெரியும், பெயின்டில் உள்ள கரைப்பான் பட்டதும் மலை குழி விழுந்து உருகிப்போகும்.

குடிலுக்கு நமக்கு என்ன குறை? வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. மலைக்குச் சாக்கும் களிமண்ணும் போதும், தொழுவத்துக்குத் தென்னங்கீற்று. மூவரசர் திருவிழா முடிந்ததும் சுரூபங்களைத் துணியில் சுற்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். வைக்கோலை மாடு தின்றுவிடும்.