தோல் நிறத்தை 'கண்ட்ரோல்' செய்யும் குட்டி மூலக்கூறு: வெண்புள்ளிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் என்ன தொடர்பு?

பொண்ணு பார்க்க வந்தவர்கள் காபி குடித்து, ஜாதகம் பேசி, கிளம்பும் நேரம். ஒருவர் கண் மட்டும் பெண்ணின் மணிக்கட்டில் நிற்கிறது. அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. மறுநாள் போன் வருகிறது: "ஜாதகம் சரியா அமையலைங்க."

ஜலகண்டாபுரமோ, சென்னையோ, பல வீடுகளில் கேட்டுப் பழகிய கதை இது. ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாபமோ தொற்றோ அல்ல. நம் செல்களுக்குள் நடக்கும் ஒரு குழப்பம். அது என்னன்னு பார்ப்போம்.

நிறம் எங்கே தயாராகிறது?

தறிச் சத்தம் கேட்கும் ஜலகண்டாபுரத்துக்காரர்களுக்கு இது ஈஸியா புரியும். நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை ஒரு இடம், அந்த நூல் போய்ச் சேரும் தறி வேறு இடம். தோலிலும் அப்படித்தான்.

மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கும் 'மெலனோசைட்' செல்கள்தான் சாயப்பட்டறை. இவை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, குட்டிப் பைகளில் அடைத்து, பக்கத்துத் தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. ஒரு மெலனோசைட் சுமார் 36 செல்களுக்கு சப்ளை செய்கிறது.

கறுப்பாக இருப்பவருக்கும் வெளுப்பாக இருப்பவருக்கும் பட்டறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். பைகளின் அளவு, எண்ணிக்கை, உள்ளே இருக்கும் நிறமியின் வகை ஆகியவைதான் வித்தியாசம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது?

டி.என்.ஏ.வை பட்டறையின் டிசைன் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எழுதி அனுப்பப்படும் ஆர்டர் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும்.

நடுவில் நிற்கும் மேஸ்திரிதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான். ஆனால் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு "இது போதும், நிறுத்து" என்று சொல்லிவிடும். சீட்டையே அழிக்கவும் வைக்கும்.

இதை ஒரு குட்டிப் புழுவில் 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் விளக்கினார்கள். அதற்காக 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உள்ளன.

நிறத்தில் இதன் கை எப்படி?

நிறமிப் பட்டறையின் தலைமை மேனேஜர் 'எம்.ஐ.டி.எஃப்' என்ற புரதம். பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறி வைப்பது இதைத்தான்.

* மிர்-137: எலிகளில் இதை அதிகமாக்கியபோது எம்.ஐ.டி.எஃப் குறைந்தது. கறுப்பு ரோமம் வெளுத்தது.
* மிர்-145: இது கூடினால் மெலனின் தயாரிப்பும் குறைகிறது, பைகளை எடுத்துச் செல்லும் வேலையும் தடைபடுகிறது.
* டைசர்: மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டித் தயாரிக்கும் 'கத்தரி' இது. எலிகளின் மெலனோசைட்டுகளில் இதை நீக்கியபோது அந்தச் செல்களே மடிந்தன.

அதாவது மேஸ்திரி ஓவரா கத்தினாலும் பிரச்னை, ஆளே இல்லாமல் போனாலும் பிரச்னை.

அப்போ வெண்புள்ளிக்கு இதுதான் காரணமா?

முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெண்புள்ளியில் நடப்பது, நம் நோய் எதிர்ப்பு செல்களே மெலனோசைட்டுகளை எதிரி என நினைத்துத் தாக்குவது. பாதிக்கப்பட்டவர்களின் தோலிலும் ரத்தத்திலும் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதில்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.

எனவே "மைக்ரோ ஆர்.என்.ஏ. க்ரீம்" என்று யாராவது விற்றால் நம்பி ஏமாறாதீர்கள். வெண்புள்ளிக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

புள்ளி தெரிந்தவுடன் தோல் மருத்துவரைப் பாருங்கள். புற ஊதா ஒளி சிகிச்சை, பூச்சு மருந்துகள் உள்ளன. நோய் எதிர்ப்பு செல்களின் தாக்குதலைத் தணிக்கும் ருக்சோலிட்டினிப் க்ரீமுக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதி கொடுத்தது. சிகிச்சையை சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெளுத்தால், உடனே அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் மெலனோசைட்டுகளைக் கெடுக்கும்.

முக்கியமான விஷயம்: வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது. இது தொழுநோயும் இல்லை. 'வெண்குஷ்டம்' என்ற பழைய பெயர்தான் இந்தக் குழப்பத்தை வளர்த்தது. அதனால் 'வெண்புள்ளி' என்றே சொல்வோம்.

உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்கின்றன மதிப்பீடுகள். அடுத்த முறை பொண்ணு பார்க்கப் போகும்போது மணிக்கட்டில் புள்ளி தெரிந்தால், அங்கே சில செல்கள் சாயம் தயாரிப்பதை நிறுத்திவிட்டன, அவ்வளவுதான். அதற்காக ஜாதகத்தைக் குறை சொல்ல வேண்டாம்.